சிறு குழந்தைகளுக்கு ஆகாரமும் விளையாட்டும் கற்பித்தல்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் வாசித்து ஆலோசிப்பதற்குரிய பாடம்)

கூட்டுறவுச் சங்கத்தின் வேலை கடன் கொடுப்பதும் வசூலிப்பதுமே என்று எண்ணும் அங்கத்தினர் பலர் உளர். 1904ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் முதல் கிராமச் சங்கம் திரூரில் பதிவான காலத்திலிருந்தே, கடனைக் காட்டிலும் பெரிதான நோக்கம் ஒன்று சங்கங்களுக்கு இருந்து வந்துள்ளது. குடித்தனக்காரன் தன் முயற்சியாலும் அண்டை அயலாரின் உதவியாலும் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதே அது. நிமிர்ந்து நிற்பதற்கு முதலில் வேண்டுவது நல்ல தேகம். நல்ல தேகத்துக்கு அஸ்திவாரம் இடப்படுவது குழந்தைப் பருவத்தில். அந்த அஸ்திவாரத்தைப் பற்றியதே இந்தப் பாடம்.

கறவை மாடு வாங்கக் கடன் பெற்ற அங்கத்தினர், கன்றுக்குத் தீனி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, எப்போது அவிழ்த்துவிட வேண்டும் என்பதையெல்லாம் கணக்காக அறிவார். தம் வீட்டு மூன்று வயதுக் குழந்தை நேற்று என்ன உண்டது, எவ்வளவு நேரம் ஓடியாடிற்று என்று அவரைக் கேட்டால், பெரும்பாலும் விடை வராது. இது அன்பின் குறைவன்று. குழந்தை தானாக வளரும் என்ற நம்பிக்கையே காரணம். உயரம் தானாக வரலாம். உறுதி தானாக வருவதில்லை.

1. இன்றைய நிலைமை

2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள இந்தியக் குழந்தைகளில் 100க்கு 67 பேருக்கு ரத்த சோகை இருந்தது. தமிழ்நாட்டில் 100க்கு 57 பேருக்கு இருந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் இந்தியா முழுவதிலும் 100க்கு 35 பேருக்கு மேல். தமிழ்நாட்டில் 25 பேர். அதாவது, ஒரு தெருவில் நான்கு குழந்தைகள் விளையாடினால் அவர்களில் ஒன்று உயரம் குன்றியது. இரண்டேனும் ரத்தம் குறைந்தவை. அரிசிக்குப் பஞ்சமில்லாத காலத்தில், ரேஷன் கடை இல்லாத ஊர் அரிதான ராஜ்யத்தில், இந்நிலை இருப்பது யோசிக்கத் தக்கது.

ரத்தம் குறைந்த குழந்தை படுக்கையில் விழுவதில்லை. அது சோர்ந்து உட்காரும், விளையாட்டில் பின்தங்கும், பாடத்தில் கவனம் செலுத்தாது, அடிக்கடி சளியும் காய்ச்சலும் காணும். பெற்றோர் அதைச் “சாது” என்று புகழ்வதும் உண்டு. ஓட வேண்டிய வயதில் ஓடாத குழந்தை சாது அன்று. பலவீனமாயிருக்கலாம் என்று சந்தேகித்து வைத்தியரிடம் காட்டுவதே முறை.

2. குன்னூரில் கண்ட உண்மை

வயிறு நிறைவது வேறு, தேகம் போஷணை பெறுவது வேறு. இதை விளக்கிய பரிசோதனைகளில் பிரசித்தமானவை நீலகிரியிலுள்ள குன்னூரில் நடைபெற்றன. அங்கே 1918ஆம் ஆண்டு முதல் போஷணை ஆராய்ச்சி நடத்திய ராபர்ட் மக்காரிசன் என்ற வைத்தியர், இந்தியாவின் பல பிரதேசத்தார் உண்ணும் ஆகாரங்களை அதே முறையில் சமைத்து, ஒரே வயதுள்ள எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்துவந்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி ஆகியவை அடங்கிய சீக்கியர் ஆகாரத்தை உண்ட எலிகள் எல்லாவற்றிலும் நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசி மிகுந்து, பாலும் காய்கறியும் மிகக் குறைந்த சென்னை மாகாணத்து ஏழைகளின் ஆகாரத்தை உண்ட எலிகள் வளர்ச்சியில் கடைசியாக நின்றன. வெள்ளை ரொட்டி, இனிப்புத் தேநீர், டப்பா இறைச்சி முதலியவை அடங்கிய இங்கிலாந்து ஏழைகளின் ஆகாரத்தைக் கொடுத்தபோதும் எலிகள் வளர்ச்சி குன்றின. ஆகவே குற்றம் தேசத்தினுடையதன்று, தட்டிலுள்ள பொருள்களினுடையதே. அந்த ஆராய்ச்சி நிலையம் 1958ஆம் ஆண்டில் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. தேசிய போஷணை நிலையமாக இன்றும் வேலை செய்து வருகிறது.

அரிசியை அறவே ஒதுக்க வேண்டும் என்பது இதன் கருத்தன்று. அரிசி ஒன்றையே நம்பலாகாது என்பதே கருத்து. நெல்லை ஊறவைத்து அவித்துப் புழுக்கும்போது, தவிட்டிலுள்ள ஜீவசத்தில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. ஆதலால் புழுங்கலரிசி, நன்கு தீட்டிய பச்சரிசியைக் காட்டிலும் மேலானது. அதைப் பல தண்ணீர் விட்டுக் கசக்கிக் கழுவுவதும், சோற்றை வடித்துக் கஞ்சியைக் கொட்டிவிடுவதும் அந்தச் சத்தைச் சாக்கடையில் விடுவதாகும்.

ரேஷன் அரிசியில் நிறம் சற்று மாறிய மணிகள் சில இருப்பதைக் கண்டு, “பிளாஸ்டிக் அரிசி” என்று பொறுக்கி எறிந்தவர்கள் உண்டு. 2021ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட ஏற்பாட்டின்படி, இரும்புச் சத்தும் வேறு இரண்டு ஜீவசத்துக்களும் சேர்த்து, அரிசி மாவினாலேயே மணியாகச் செய்து கலக்கப்பட்டவை அவை. ரேஷன் கடைகளைப் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றமையால், இதை ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லும் கடமையும் சங்கத்தாருடையதே.

3. தட்டில் இருக்க வேண்டியவை

குழந்தையின் ஆகாரத்தை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் தாய்மார் எளிதில் நினைவு வைக்கலாம்.

முதலாவது, பலம் தருபவை. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், கிழங்கு, எண்ணெய், நெய் ஆகியவை இவ்வகை. இவற்றுள் கேழ்வரகுக்குத் தனி மதிப்பு உண்டு. நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே நிறையுள்ள தீட்டிய அரிசியில் பத்து மில்லி கிராம்கூடத் தேறுவது அரிது. எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டியது இச்சத்தே.

இரண்டாவது, வளர்ச்சி தருபவை. பருப்பு, பயறு, கொள்ளு, நிலக்கடலை, பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவை இவ்வகை. புலால் உண்ணாத குடும்பத்தார் பருப்பையும் பாலையும் குறைவின்றிக் கொடுத்தல் வேண்டும். சாம்பாரின் தெளிவை மட்டும் சோற்றில் ஊற்றிப் பிசைந்து கொடுப்பது பருப்புக் கொடுத்ததாகாது. அடியில் தங்கிய பருப்பே குழந்தைக்கு உரியது.

மூன்றாவது, நோய் அணுகாது காப்பவை. கீரை, காய், கனி ஆகியவை இவ்வகை. முருங்கைக்கீரை, பப்பாளி, பூசணி, காரட் போன்ற கரும்பச்சையும் மஞ்சளுமான பொருள்கள் கண்ணைக் காக்கும். அவை இல்லாக் குறையால் மாலைக்கண் நோய் உண்டாகிறது. ஊர்க் கொய்யாப்பழத்தில் உள்ள ‘சி’ ஜீவசத்து, சந்தையிலிருந்து விலைகொடுத்து வாங்கும் ஆரஞ்சில் உள்ளதைப் போலப் பல மடங்கு.

இம்மூன்றில் ஒவ்வொரு வகையும் நாள்தோறும் தட்டில் இருத்தல் வேண்டும். கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதற்கு எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்ற புளிப்பும் கனியும் துணை செய்யும். தேநீரும் காப்பியும் அதற்கு நேர் விரோதமாக வேலை செய்யும். காலையில் குழந்தைக்குத் தேநீரில் பன்னை நனைத்துக் கொடுத்து வேலைக்குப் புறப்படும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அது பசியைக் கெடுத்து, உண்ட கீரையின் பயனையும் கெடுக்கிறது. சிறு குழந்தைக்குத் தேநீரும் காப்பியும் வேண்டுவதேயில்லை.

4. வயதுக்கேற்ற ஆகாரம்

பிறந்தது முதல் ஆறு மாதம் முடியத் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டாம். சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், தேன் முதலியவற்றை நாக்கில் தடவுதல் கூடாது. விசேஷமாக, ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பதால் அபாயகரமான நோய் வரக்கூடும்.

ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலுடன் குழைந்த ஆகாரம் தொடங்க வேண்டும். தாய்ப்பாலை இரண்டு வயது வரையிலும், விரும்பினால் அதற்கு மேலும் கொடுக்கலாம். இங்கே நேரும் பெரிய தவறு, கஞ்சியை நீர்க்கக் காய்ச்சுவது. குழந்தையின் வயிறு மிகச் சிறியது. நீர்த்த கஞ்சி அதை நிரப்பிவிடும், பலமோ தராது. கரண்டியைச் சாய்த்தால் உடனே வழிந்து ஓடாத பதமே சரியான பதம். கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, வறுத்து அரைத்த மாவு ஓர் உபாயம். முளைகட்டிய மாவு அதிகம் கெட்டிப்படாது. ஆகவே அதே அளவு கஞ்சியில் மாவைக் கூடுதலாகச் சேர்க்கலாம். அதனுடன் சிறிது எண்ணெயோ நெய்யோ விட்டால் பலம் பின்னும் மிகும்.

ஒரு வயது ஆனவுடன் வீட்டார் உண்ணும் சோறும் பருப்பும் கீரையும், காரமும் உப்பும் குறைத்து, குழந்தைக்கும் ஆகும். அதன் பங்கைத் தனித் தட்டில் வைக்க வேண்டும். பெரிய தட்டில் அண்ணன் அக்காளோடு சேர்ந்து உண்ணும் குழந்தை எவ்வளவு உண்டது என்பது எவருக்கும் தெரியாது. மாட்டுப்பாலை முக்கிய பானமாகக் கொடுப்பது ஒரு வயதுக்குப் பின்னரே தகும். அதன் பின்பும் பாலையே நாள் முழுதும் புகட்டினால் குழந்தை வேறு ஆகாரம் உண்ணாமல் ரத்த சோகை அடையும்.

முழு நிலக்கடலை, முழுக் கொண்டைக்கடலை, முழுத் திராட்சை போன்றவை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும். ஆதலின் அவற்றை மசித்தோ பொடித்தோ நறுக்கியோ கொடுக்க வேண்டும். படுத்துக்கொண்டும் ஓடிக்கொண்டும் உண்ண விடலாகாது.

ஆண் குழந்தைக்கு முட்டை, பெண் குழந்தைக்குச் சாறு என்று பகிரும் வீடுகள் இன்னும் ஒழிந்தபாடில்லை. பின்னாளில் தாயாக வேண்டியவளுக்கு இளமையில் ரத்தம் குறைந்தால், அக்குறை அடுத்த தலைமுறையின் பேரேட்டிலும் பற்றாக ஏறும். பங்கு சமமாக இருத்தல் வேண்டும்.

5. உண்ணக் கற்பிக்கும் முறை

நல்ல ஆகாரத்தை அடுப்பில் ஆக்கிவிட்டால் மட்டும் காரியம் முடியாது. குழந்தை அதை விரும்பி உண்ணக் கற்க வேண்டும். உண்பதும் நடப்பது, பேசுவது போலக் கற்றுக்கொள்ளும் வித்தையே.

(அ) குழந்தை காதால் கற்பதைவிடக் கண்ணால் கற்பது மிகுதி. தகப்பனார் கீரையை ஒதுக்கிவைத்துவிட்டுக் குழந்தையை உண்ணச் சொன்னால் அது உண்ணாது. வீட்டார் எல்லோரும் ஒருங்கே உட்கார்ந்து அதே பதார்த்தத்தை உண்பதே முதற்பாடம்.

(ஆ) புதிய காய் ஒன்றை முதல் நாள் துப்பிவிட்டால், “இவனுக்குப் பிடிக்காது” என்று முத்திரை குத்திவிடக் கூடாது. எட்டு முதல் பதினைந்து தடவை வரை, சிறிது சிறிதாக, வற்புறுத்தாமல் வைத்துவந்தால் பெரும்பாலான குழந்தைகள் ஏற்றுக்கொள்கின்றன. இரண்டு தடவையில் கைவிடும் தாய்மாரே அதிகம்.

(இ) எதை வைப்பது, எப்போது வைப்பது என்பது பெரியோர் பொறுப்பு. எவ்வளவு உண்பது என்பது குழந்தையின் பொறுப்பு. மூக்கைப் பிடித்து ஊட்டுவதும், “பூச்சாண்டி வருகிறான்” என்று பயமுறுத்துவதும், உண்டால் மிட்டாய் தருவதாகப் பேரம் பேசுவதும் தீமையே விளைக்கும். கீரைக்குக் கூலியாக மிட்டாய் கொடுத்தால், கீரை கஷ்டமான வேலை என்றும் மிட்டாயே சம்பளம் என்றும் குழந்தை தெரிந்துகொள்ளும்.

(ஈ) கைப்பேசியைக் காட்டிச் சோறு ஊட்டும் பழக்கம் கிராமங்களிலும் புகுந்துவிட்டது. அவ்வாறு உண்ணும் குழந்தைக்கு என்ன உண்டோம் என்பதும் தெரியாது. வயிறு நிறைந்ததும் தெரியாது. பாட்டிமார் முற்றத்தில் நிலாவைக் காட்டி ஊட்டியபோது குழந்தை அவர்கள் முகத்தையும் கையையும் சோற்றையும் பார்த்தது, கதை கேட்டது, பேசக் கற்றது. அந்த வழக்கத்தை மீட்பதற்குக் காசு வேண்டுவதில்லை.

(உ) தன் கைபட்ட பண்டத்தைக் குழந்தை விரும்பி உண்ணும். மூன்று வயதுக் குழந்தை கீரை உருவும், அவரைக்காய் உரிக்கும், தக்காளியைத் தண்ணீரில் கழுவும். ஐந்து வயதுக் குழந்தை விதை ஊன்றும். செடிக்கு நீர் விடும்.

இதை வீட்டிலும் அங்கன்வாடியிலும் நடத்துவதற்கு மாதிரியாக, முருங்கையைக் கொண்டு ஆறு நாள் பாடம் ஒன்று கீழே தரப்படுகிறது.

திங்கட்கிழமை: குழந்தைகளை முருங்கை மரத்தடிக்கு அழைத்துச் செல்லுதல், இலை, பூ, காய் மூன்றையும் தொட்டு, முகர்ந்து, பெயர் சொல்லச் செய்தல்.

செவ்வாய்க்கிழமை: ஆளுக்கொரு ஈர்க்கு கொடுத்து இலை உருவச் செய்தல், பத்து வரை எண்ணுதல்.

புதன்கிழமை: கீரையைக் கழுவச் செய்து, பருப்புடன் வெந்ததை ஒரு சிட்டிகை சுவைக்கக் கொடுத்தல், வேண்டாமென்ற குழந்தையை வற்புறுத்தாதிருத்தல்.

வியாழக்கிழமை: அதே கீரையை அடையில் கலந்து கொடுத்தல்.

வெள்ளிக்கிழமை: முருங்கைக்காய்ச் சதையை வழித்துச் சோற்றில் பிசைந்து கொடுத்தல்.

சனிக்கிழமை: முருங்கைப் போத்து ஒன்றைக் குழந்தைகள் கையாலேயே நடச் செய்தல்.

அடுத்த வாரம் பப்பாளி. அதற்கடுத்த வாரம் கேழ்வரகு. இவ்விதம் ஆண்டு முழுதும் நடத்தினால், குழந்தைக்கு ஊரிலுள்ள நல்ல ஆகாரம் யாவும் அறிமுகமாகிவிடும்.

6. கடைப் பண்டமும் சில்லறைக் கணக்கும்

பளபளக்கும் பொட்டலத்தில் தொங்கும் வறுவலும், நிறமேற்றிய சர்க்கரைத் தண்ணீரும் எட்டாத கிராமம் இன்று அரிது. அவற்றில் மிகுதியாய் இருப்பவை உப்பு, சர்க்கரை, எண்ணெய், மாவு. வளர்ச்சிக்கு வேண்டியவை மிகச் சிறிது. சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன் இதைத் தின்ற குழந்தை சோறு உண்ணாது. உண்ணவில்லையே என்று தாய் மறுபடியும் பொட்டலம் வாங்கிக் கொடுப்பாள். இந்தச் சுழலில் பட்டினி கிடப்பது குழந்தையின் ரத்தமும் எலும்புமே. பல்லும் சொத்தையாகும்.

அங்கத்தினர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்குப் பத்து ரூபாய் பொட்டலத்துக்குச் செலவாவதாக வைத்துக்கொண்டால், மாதத்துக்கு 300 ரூபாய். ஆண்டுக்கு 3,650 ரூபாய். இரண்டு குழந்தைகளுக்கு 7,300 ரூபாய். இத்தொகையைச் சங்கத்தில் கடனாகக் கேட்டால் ஜாமீன் வேண்டும், விண்ணப்பம் வேண்டும். சில்லறையாகப் பெட்டிக்கடையில் போவதற்கு ஒன்றும் வேண்டியதில்லை. அதே பத்து ரூபாயில் உள்ளூர் விலையில் முட்டை எத்தனை, வாழைப்பழம் எத்தனை, பொட்டுக்கடலை எவ்வளவு என்பதை அங்கத்தினர் ஒவ்வொருவரும் எழுதிப் பார்த்தல் நலம். சுண்டல், கொழுக்கட்டை, எள்ளுருண்டை, அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஆகியவை குழந்தைக்குச் சலிப்பூட்டாதவை, வீட்டிலேயே ஆகக்கூடியவை.

திருவிழாவிலும் சந்தையிலும் என்றாவது ஒரு நாள் மிட்டாய் வாங்கிக் கொடுப்பதைத் தடுக்க வேண்டியதில்லை. முற்றிலும் மறுக்கப்பட்ட பண்டத்தின்மேல் ஆசை பெருகும். அன்றாட வழக்கமாக்குவதே தவறு.

7. ஓட்டமும் ஆட்டமும்

உண்ட ஆகாரம் எலும்பும் தசையுமாக மாறுவதற்கு அசைவு வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிகளின்படி, மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் நடமாடி விளையாட வேண்டும். அதில் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். உறக்கம் பத்து முதல் பதின்மூன்று மணி நேரம் வேண்டும். தொலைக்காட்சி, கைப்பேசி முன் உட்காருவது ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு அது வேண்டவே வேண்டாம்.

மூன்று மணி என்றவுடன் கவாத்து என்று அஞ்ச வேண்டியதில்லை. ஓடிப்பிடித்தல், கண்ணாமூச்சி, நொண்டி, பாண்டி, கயிறு தாண்டல், பந்தெறிதல் ஆகியவை போதும். பழைய சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டி ஓட்டுவதும், இரண்டு நுங்குக் கூந்தலைக் குச்சியில் கோத்து வண்டியாக்கி உருட்டுவதும் காசில்லாத தேகாப்பியாசம். நொண்டியால் சமநிலை வரும். பந்தால் கண்ணும் கையும் இசையும். கண்ணாமூச்சியால் முறை காத்தலும் எண்ணுதலும் வரும். வெயிலில் விளையாடும் குழந்தையின் தோலில் ‘டி’ ஜீவசத்து உண்டாகி, எலும்பில் சுண்ணாம்புச் சத்து சேரத் துணை செய்கிறது.

பெண் குழந்தை ஐந்து வயதிலேயே தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு ஓரமாக நிற்பதும், ஆண் குழந்தைகள் மட்டும் ஓடுவதும் பல தெருக்களில் காணும் காட்சி. இருவருக்கும் எலும்பு ஒன்றே. தம்பியைப் பெரியவர் ஒருவர் மாலையில் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டால், அக்காளும் ஓடுவாள்.

விளையாட இடம் இல்லை என்பது நியாயமான குறை. தெருவில் வாகனங்கள் பெருகிவிட்டன, மந்தைவெளியும் ஆக்கிரமிக்கப்பட்டிருக்கக்கூடும். ஆயினும் சங்கக் கிடங்கின் முற்றமும் நெற்களமும் அறுவடைக் காலம் தவிர மற்ற நாள்களில் வெறுமையாகவே கிடக்கின்றன. கண்ணாடித் துண்டும் முள்ளும் அகற்றி, பக்கத்துக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இட்டு, மாலை நான்கு முதல் ஆறு மணி வரை குழந்தைகளுக்குத் திறந்துவிடுவதில் சங்கத்துக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

8. சுத்தமும் புழுவும்

எவ்வளவு நல்ல ஆகாரமும் வயிற்றுப்போக்கிலும் குடற்புழுவிலும் வீணாய்விடும். கொக்கிப்புழு மலம் கலந்த மண்ணிலிருந்து வெறுங்காலின் வழியே உடலில் புகுந்து, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். செருப்பும் கக்கூஸும் இதற்குத் தடை. உண்பதற்கு முன்னும் மலங்கழித்த பின்னும் சோப்பினால் கை கழுவுவதை விளையாட்டாகவே கற்பிக்கலாம்: இருபது வரை எண்ணி முடியும் வரை கை தேய்க்கச் சொன்னால் எண்ணும் வரும், சுத்தமும் வரும். 2015ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் தேசிய குடற்புழு நீக்க நாளில் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் மாத்திரை இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. அன்று குழந்தையை வீட்டில் நிறுத்திக்கொள்ளலாகாது.

9. பொதுமுயற்சியின் சரித்திரம்

குழந்தைகளுக்கு உணவளிப்பதில் தமிழ்நாடு நெடுங்காலமாக முன்னிற்கிறது. 1920ஆம் ஆண்டில், பி. தியாகராய செட்டியார் தலைமையில் சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. 1956ஆம் ஆண்டில் முதலமைச்சர் காமராஜர் காலத்தில் பகலுணவுத் திட்டம் ராஜ்யத்தில் பரவலாயிற்று. 1982ஆம் ஆண்டு ஜூலை மாதம் எம். ஜி. ராமச்சந்திரன் ஆட்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கி, பள்ளி செல்லாச் சிறு குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. 1989ஆம் ஆண்டில் முட்டையும் சேர்க்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆரம்பப் பள்ளிகளில் காலை உணவு தொடங்கப்பட்டது. அங்கன்வாடிகளுக்கு மூலமான குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி ஏற்பட்டது.

இவற்றுள், 1980ஆம் ஆண்டில் உலக பாங்கியின் உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த போஷணைத் திட்டம் விசேஷமாகக் கவனிக்கத் தக்கது. அத்திட்டத்தில் குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து அட்டையில் குறித்தார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சில மாதம் தனி ஆகாரம் கொடுத்தார்கள்; எடை ஏறியவுடன் நிறுத்தினார்கள். தாய்க்கோ தொடர்ந்து கற்பித்தார்கள். கொடுக்கும் உணவு தீர்ந்துவிடும், கற்ற பாடம் அடுத்த குழந்தைக்கும் உதவும் என்பதே அதன் தத்துவம். பார்வைக்குக் கொழுகொழுவென்றிருப்பதும் மெலிந்திருப்பதும் நம்பத் தக்க அடையாளங்கள் அல்ல. அட்டையில் கோடு மாதாமாதம் ஏறுகிறதா என்பதே சரியான கணக்கு. சங்கத்தின் பேரேட்டைப் பார்ப்பது போலவே பெற்றோர் அந்த அட்டையையும் பார்க்கப் பழகவேண்டும்.

10. சங்கம் செய்யக்கூடியவை

முதலாவது, பால் சங்க அங்கத்தினர் கவனத்துக்குரியது. அதிகாலையில் கறந்த பால் முழுவதையும் சங்கத்தில் ஊற்றிவிட்டு, வீட்டுக் குழந்தைக்குக் கறுப்புக் காப்பி கொடுப்பவர் உண்டு. பால் பணம் வீட்டுக்கு வருகிறது. பாலின் போஷணை பட்டணத்துக்குப் போகிறது. பாத்திரத்தைத் தூக்குமுன், ஒரு வயது கடந்த குழந்தை ஒன்றுக்கு ஒரு டம்ளர், அதாவது சுமார் 200 மில்லி லிட்டர் எடுத்து வைப்பது என்று அங்கத்தினர் யாவரும் தமக்குள் தீர்மானித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, விதையும் கன்றும். முருங்கைப் போத்து, பப்பாளிக் கன்று, அவரை விதை, கீரை விதை ஆகியவற்றை மொத்தமாய் வாங்கி அங்கத்தினருக்கு அடக்க விலைக்கு விற்கலாம். வீட்டுப் புழக்கடையில் பாத்திரம் கழுவிய நீர் ஓடும் இடம் கீரைப் பாத்திக்குப் போதும்.

மூன்றாவது, பொது நன்மைக்கான பணம். லாபத்தில் நாலில் ஒரு பங்கைச் சேமநிதியில் சேர்த்தபின், எஞ்சியதில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாத தொகையைத் தர்ம காரியத்துக்குச் செலவிட 1912ஆம் ஆண்டின் சட்டமே இடங்கொடுத்திருந்தது. இன்றைய துணைவிதிகளில் பொது நன்மை நிதிக்கு என்ன ஏற்பாடு உண்டு என்பதைக் காரியதரிசி பார்த்துச் சபையில் தெரிவிக்கலாம். அங்கன்வாடிக்கு ஓர் எடைக் கருவி, இரண்டு பந்து, ஒரு கயிறு, கை கழுவும் தொட்டி ஆகியவற்றுக்குப் பெருந்தொகை ஆகாது.

நான்காவது, பெண் அங்கத்தினரின் ஆலோசனை. ஆகாரம் ஆக்குபவர்களும் ஊட்டுபவர்களும் பெரும்பாலும் அவர்களே. வயல் வேலைக்குப் போகும் தாய்க்குக் குழந்தைக்கு நாலு வேளை ஊட்ட நேரம் ஏது என்று கேட்டறியாமல் உபதேசம் செய்வதில் பயனில்லை. தாய் வேலைக்குப் போன நேரத்தில் பாட்டியோ தகப்பனாரோ ஊட்டுவது என்று வீட்டிலேயே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

சங்கத்தில் ஒரு தவணை தவறினால் அடுத்த தவணையில் வட்டியுடன் கட்டிவிடலாம். முதல் இரண்டு வருஷங்களில் குன்றிய வளர்ச்சியைப் பின்னால் முழுதும் ஈடு செய்வது மிகக் கடினம். ஆதலால் இக்காரியத்தைத் தள்ளிப்போடாமல் இம்மாதமே தொடங்குதல் நன்று.

கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய கேள்விகள்

1. நேற்று உங்கள் வீட்டுக் குழந்தையின் தட்டில் மூன்று வகையும் இருந்தனவா? இல்லையெனில் எந்த வகை குறைந்தது?

2. உங்கள் குழந்தையின் எடை அட்டை எங்கே இருக்கிறது? சென்ற மூன்று மாதங்களில் கோடு ஏறிற்றா?

3. சென்ற மாதம் பொட்டலப் பண்டத்துக்கு எவ்வளவு செலவாயிற்று? அத்தொகைக்கு வேறு என்ன வாங்கியிருக்கலாம்?

4. பெண் குழந்தைக்கும் ஆண் குழந்தைக்கும் ஆகாரத்திலும் விளையாட்டிலும் சம பங்கு கிடைக்கிறதா?

5. குழந்தைகள் அபாயமின்றி ஓடி விளையாட இந்த ஊரில் எந்த இடம் தகும்? அதைச் சுத்தம் செய்ய எந்த நாளில் எத்தனை பேர் வருவார்கள்?

ஐந்தாவது கேள்விக்கு விடையாக நாளும் ஆள்களின் பெயரும் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்ட பின்னரே கூட்டத்தை முடித்தல் வேண்டும்.